பழைய பென்ஸும் மலைநாட்டு வீதியும்: ஓர் ஆசிரியரின் கேள்விக்குப் பதில்

கேள்வி

ஐயா, நான் தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள பாடசாலையொன்றில் ஆசிரியராக இருக்கிறேன். மனைவி தாதியாக வேலை செய்கிறார். கொழும்பில் ஒருவரிடம் 2005ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் சி 180 கொம்ப்ரசர் கார் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. ஓட்டோ கியர், மீட்டரில் 1,18,000 கிலோமீற்றர் காட்டுகிறது, 62 இலட்சம் கேட்கிறார். எங்களிடம் 45 இலட்சம் சேமிப்பு உண்டு. மனைவியின் நகைகளை அடகு வைத்தால் 10 இலட்சம் கிடைக்கும். மிகுதி 7 இலட்சத்தை மச்சான் கைமாற்றாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுச் செலவு போக மாதம் 35,000 ரூபா அளவில் மிஞ்சுகிறது. பாடசாலைக்கு 9 கிலோமீற்றர். அம்மாவை மாதம் ஒருமுறை கண்டி தேசிய வைத்தியசாலைக்கு கிளினிக் கூட்டிச் செல்ல வேண்டும். என்னுடைய அப்பா தோட்டத்துப் பெரியதுரையின் காரை வருடக்கணக்காக ஓட்டியவர். அந்தக் காரில் நாங்கள் ஒருநாளும் ஏறியதில்லை. அவர் இப்போது இல்லை. ஒரு பென்ஸ் வாங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சிறுவயது முதல் உண்டு. உடன் வேலை செய்பவர்களோ, யானையைக் கட்டித் தீனி போடப் போகிறீரா, அந்தக் காசுக்கு ஒரு வெகன் ஆர் அல்லது 121 கொரோலா வாங்கும் என்கிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களைப் பின்னர் விரிவாக எழுதுகிறேன். இந்தக் காரை, இந்த விலைக்கு, நகையை அடகு வைத்தும் கைமாற்று வாங்கியும் வாங்க வேண்டாம். ஆனால் பென்ஸ் வாங்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாகனங்களை மதிப்பிடுவதும் பழுது பார்ப்பதும் எனக்குத் தொழில். இன்ன வாகனம் இன்ன தொழில் செய்பவருக்கு மட்டுமே பொருந்தும் என்ற பேச்சை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. துரையின் காரைக் கழுவித் துடைத்து ஓட்டிய ஒருவரின் மகன் அதே சின்னம் பொறித்த காரைத் தன் வீட்டு வாசலில் நிறுத்த விரும்புவதில் ஒரு குறையும் இல்லை. என்னுடைய தயக்கம் முழுவதும், வாங்கிய மறுநாள் உங்கள் கையில் ஒரு சதமும் இருக்காது என்பதைப் பற்றியதே.

பழைய சொகுசுக் கார் விடயத்தில் பலர் தவறவிடும் அடிப்படைக் கணக்கு ஒன்று இருக்கிறது. கார் பழையதாகும்போது அதன் சந்தை விலை, புதிதாக இருந்தபோது இருந்த நிலையிலிருந்து இறங்குகிறது. அதன் உதிரிப்பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. பிரேக் டிஸ்க்கோ, ஷொக் அப்சோபரோ, கியர் பொக்ஸின் மின்தகடோ எதுவானாலும், புதிய பென்ஸ் வாங்க வசதியுள்ள ஒருவருக்காக விலையிடப்பட்ட பொருளைத்தான் நீங்கள் இன்று வாங்க வேண்டியிருக்கும். ஆகவே காரை வாங்கும் விலையால் அது ஒரு கொரோலாவுக்கு அருகில் வந்துவிட்டாலும், வைத்திருக்கும் செலவால் அது எப்போதும் பென்ஸாகவே இருக்கும். உங்கள் நண்பர்கள் யானைத் தீனி என்று சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

இலங்கையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலையேறின. 2022இல் ரூபாயின் பெறுமதி சில மாதங்களுக்குள் சரிந்து, 200 ரூபா அளவில் இருந்த டொலர் 360 ரூபா வரை போனபோது உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. பிழைப்புச் செலவு கூடிய அந்தக் காலத்தில் பல உரிமையாளர்கள் சேர்விஸைத் தள்ளிப் போட்டார்கள். மாற்ற வேண்டிய பாகத்துக்குப் பதிலாகக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைத்த பாவித்த பாகத்தைப் போட்டு ஓட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு காருக்கு 62 இலட்சம் கேட்கப்படுகிறது என்பது, அது நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. சந்தை முழுவதும் ஏறியபோது, பராமரித்த காரும் பராமரிக்காத காரும் சேர்ந்தே ஏறின.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். 20 ஆண்டு பழைமையான ஜெர்மன் காரை வாங்குபவர், அதன் விலையில் நான்கில் ஒரு பங்கை முதல் ஓராண்டுக்குள் செலவழிக்கத் தயாராகக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன். இது சட்டமல்ல, என் அனுபவ அளவுகோல். 62 இலட்சத்துக்கு அது 15 இலட்சத்தைத் தாண்டுகிறது. அப்படியானால் இந்தக் காருக்கு உங்களுக்குத் தேவையான தொகை 77 இலட்சத்துக்கு மேல். உங்களுடைய சொந்தப் பணம் 45 இலட்சம். சேர்விஸ் புத்தகம் முழுமையாக இருந்து, பெரிய வேலைகள் அண்மையில் செய்யப்பட்டதற்குப் பற்றுச்சீட்டுகளும் இருந்தால் அந்த 15 இலட்சத்தைக் குறைத்துக் கொள்ளலாம். உங்கள் கடிதத்தில் சேர்விஸ் புத்தகத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாதக் கணக்கையும் பார்ப்போம். பாடசாலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 18 கிலோமீற்றர். மாதத்துக்கு ஏறக்குறைய 400. கண்டிக்குப் போய்வர 200 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு என்று வையுங்கள். ஏற்றமும் வளைவுமான வீதியில், ஓட்டோ கியர் உள்ள இந்தக் காரிடம் லீற்றருக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அப்படியானால் மாதத்துக்கு 70 லீற்றருக்கு மேல் வேண்டும். இந்த எஞ்சின் ஒக்டேன் 95 கேட்பது; 92 அடித்துப் பழக்கினால் காலப்போக்கில் தீங்கு. லீற்றர் 300 ரூபாவைத் தாண்டி விற்கும் நாளில் எரிபொருளுக்கு மட்டும் 21,000 ரூபாவுக்குக் குறையாமல் போகும். இப்போது பஸ்ஸுக்கும் முச்சக்கரவண்டிக்கும் கொடுப்பது மிச்சமாகும் என்பது உண்மைதான். என்றாலும் உங்கள் 35,000இல் எஞ்சும் சிறுதொகையிலிருந்து அடகு வட்டி, மச்சானின் கடன், காப்புறுதி, ஒயில் மாற்றம், டயர் எல்லாம் வர வேண்டும். அது நடக்காது. நடக்காதபோது முதலில் தள்ளிப்போடப்படுவது சேர்விஸ்தான்; இரண்டு ஆண்டுகளில் உங்கள் காரும் நான் மேலே சொன்ன பராமரிக்காத கார்களில் ஒன்றாகிவிடும்.

நகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் குடும்பத்தில் மாதாமாதம் கிளினிக் போகும் ஒரு தாய் இருக்கிறார். திடீரென்று ஒரு பரிசோதனைக்கோ சத்திரசிகிச்சைக்கோ பணம் தேவைப்பட்டால், மலையகத்தில் எந்த வீட்டிலும் முதலில் கை நீளுவது நகைக்குத்தான். அந்த நகை ஏற்கனவே அடகில் இருந்தால், அப்போது நீங்கள் விற்க வேண்டியது காரையே. அவசரத்தில் விற்கும் பழைய சொகுசுக் காருக்கு வாங்குபவர் வைப்பதே விலை. இதை உங்கள் மனைவியோடு அமர்ந்து பேசியிருப்பீர்கள் என்றே நம்புகிறேன், பேசவில்லையென்றால் பேசுங்கள்.

இந்த மாதிரிக் காரைப் பற்றித் தொழில்ரீதியாக நான் அறிந்தவற்றை இப்போது எழுதுகிறேன். இந்தக் காரை நீங்கள் வாங்காவிட்டாலும், இதே மாதிரியில் வேறொன்றைப் பார்க்கும்போது இவை உதவும்.

2000 முதல் 2007 வரை வந்த இந்த சி கிளாஸ் வரிசையை எங்கள் தொழிலில் டபிள்யூ 203 என்போம். உங்கள் காரில் இருப்பது எம் 271 எனப்படும் 1,796 சிசி எஞ்சின். இதன் பெரிய பலவீனம் டைமிங் செயின், அதாவது பிஸ்டனின் ஓட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் சங்கிலி. ஒற்றை வரிசைச் செயினாக இருப்பதால் காலப்போக்கில் அது நீள்கிறது. கேம் சக்கரங்களின் பற்களும் கூர்மையாகத் தேய்கின்றன. ஒருநாள் செயின் ஒரு பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன் பிறகு பேச்சு எஞ்சினைத் திருத்துவதைப் பற்றியதல்ல, எஞ்சினை மாற்றுவதைப் பற்றியது. இதற்கு முன்னறிவிப்பு உண்டு. இரவு முழுவதும் நின்ற காரைக் காலையில் முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும்போது சில விநாடிகளுக்குக் கடகடவென்ற உலோகச் சத்தம் வந்து பிறகு அடங்கும். சூடான எஞ்சினில் அது கேட்காது. அதனால்தான் விற்பவர் உங்களுக்காகக் காத்திருந்து, வரும் முன்பே காரைச் சூடேற்றி வைப்பதை நான் விரும்புவதில்லை. போனவுடன் பொனற் மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லாமல், இன்னொரு நாள் அதிகாலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சத்தம் இல்லையென்றாலும், வாங்கும் முன் வால்வ் கவரைக் கழற்றிச் செயினின் தளர்வையும் பற்களையும் பார்க்க அனுமதி கேளுங்கள். அதே இடத்தில் கேம் தண்டின் முன்பக்கமுள்ள காந்தச் சுருள்களையும் பார்க்க வேண்டும். அவற்றிலிருந்து கசியும் ஒயில் வெளியே சொட்டாமல் வயரின் உள்ளே ஏறி, நாளடைவில் எஞ்சினின் கணினி வரை சென்றுவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் ஊசிகளில் ஒயில் பளபளக்கும். ஒரு சிறு பாகத்தை உரிய நேரத்தில் மாற்றாததால் எவ்வளவு பெரிய செலவு வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஓட்டோ கியர் பொக்ஸ் ஐந்து வேக 722.6 வகை, உண்மையில் உறுதியானது. அதன் ஒயிலை வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. பிறகு அந்த நிலைப்பாடு மாறிவிட்டது. ஆனாலும் பழைய பேச்சை நம்பி ஒருமுறையும் ஒயில் மாற்றாத கார்கள் இன்றும் ஓடுகின்றன. 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயிலையும் பில்டரையும் மாற்றியிருக்க வேண்டும். இதன் ஒயில் அளவைப் பார்க்கும் குழாயில் அளவுகோல் இருக்காது. அதற்கென்று தனிக் கோலை விட்டு, ஒயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்தபின் அளக்க வேண்டும். இந்த வேலையை அறியாத கராஜில் அளவு கூடவோ குறையவோ ஒயில் விட்டு நல்ல கியர் பொக்ஸைக் கெடுத்த கார்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஓட்டிப் பார்க்கும்போது மெதுவான வேகத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் தருணத்தைக் கவனியுங்கள். உதைப்பதுபோல் இருந்தாலும், மாறிய பின் ஒரு நடுக்கம் தொடர்ந்தாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

மேலே சொன்னவை கொழும்பில் ஓடும் காருக்கும் பொருந்தும். மலைநாட்டில் ஓடப்போகும் காருக்கு வேறு மூன்று விடயங்கள் இவற்றைவிட முக்கியமானவை. கொழும்பில் இருக்கும் விற்பனையாளருக்கு அவை தெரியாமலும் இருக்கலாம், ஏனென்றால் சமதரையில் அந்தக் குறைகள் வெளிப்படுவதில்லை.

முதலாவது பிரேக். தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி 500 மீற்றர் அளவில். ஹட்டனைத் தாண்டி, கினிகத்தேனை வழியாக நாவலப்பிட்டிக்கு இறங்கும் வீதியை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஒன்றரைத் தொன் எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிஸ்க்குகள் பழுக்கக் காய்ந்து, அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்குள் போகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. புதிய டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கக்கூடும். கொதித்தால் குழாய்களில் ஆவி நிறையும். மிதி கால் வைத்த இடத்தில் நிற்காமல் தரை வரை போகும். எப்போதும் மூடுபனியும் தூறலுமாக இருக்கும் எங்கள் ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஒயில் மாற்றுவது ஆடம்பரமல்ல. விற்பவரிடம் கடைசியாக எப்போது மாற்றினார் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் பிரேக் பேட் மாற்றிய திகதியைச் சொல்வார்கள்; அது வேறு, இது வேறு.

இறக்கத்தில் இந்தக் காரின் கியர் கோலை டி நிலையில் வைத்தபடியே இடப்பக்கம் தட்டினால் மேல் கியர்களுக்குப் போகாமல் கட்டுப்படுத்தலாம். மூன்றிலோ இரண்டிலோ இறங்கினால் எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ளும். இதை ஓட்டிப் பார்க்கும்போதே செய்து பாருங்கள். கியர் இறங்க மறுத்தால் காரில் எங்கோ கோளாறு உண்டு.

இரண்டாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் தொகுதி. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதை நீங்கள் வகுப்பில் கற்பித்திருக்கவும் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். இந்தக் காரின் எஞ்சினோ 90 பாகையைச் சுற்றியே இயங்குவது. அது கொதிக்காமல் இருப்பதற்குக் காரணம், ரேடியேற்றர் தொகுதி மூடியினால் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருப்பதும் கூலன்ட் கலவையும்தான். அவை சரியாக இருந்தால் கொதிநிலை 120 பாகைக்கு மேல் போகும். 20 ஆண்டு பழைய பிளாஸ்டிக் தாங்கியில் மயிரிழை வெடிப்பு, இறுகிப்போன ரப்பர் குழாய், பிடிப்பு இழந்த மூடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அழுத்தம் நிற்காது. அப்படிப்பட்ட கார் கொழும்பில் ஆண்டுக்கணக்கில் ஓடும். இறம்பொடை ஏற்றத்தில் அரைவழியில் ஆவி கக்கும். அந்த நேரத்தில் வீதியோரப் பீலியில் போத்தலைப் பிடித்து ஊற்றி ஓட்டி வந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பழைய லொறிக்கு அது சரியாக இருந்திருக்கும். அலுமினியச் சிலிண்டர் தலை கொண்ட இந்த எஞ்சினில், சூடேறிய நிலையில் குளிர்ந்த பீலித் தண்ணீரை ஊற்றினால் தலை வளைந்துவிடும். பீலித் தண்ணீரே தொடர்ந்து ஓடினால் உள்ளே துருவும் அரிப்பும் ஏறும். வாங்கும் முன் இந்தத் தொகுதிக்கு அழுத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சிறிய கைப்பம்பும் கால் மணி நேரமும் போதும்.

மூன்றாவது தண்ணீர், மழைத் தண்ணீர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கம் எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் காரில் முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் இருக்கும் பள்ளத்தில் விழும் தண்ணீர் வெளியேறச் சிறு வடிகால்கள் உண்டு. கிரவிலியா மரத்தடியில் நிறுத்தும் காரில் அவை சருகால் அடைபடும். அடைபட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, ஒரு பக்கம் கால்விரிப்பை நனைக்கும். மறுபக்கம் பியூஸ்களும் மின்கட்டுப்பாடும் சேர்ந்த பெட்டியை எட்டும். பிறகு வைப்பர் தானாக ஓடும், விளக்கு அணையாது, பட்டரி காலையில் செத்துக் கிடக்கும். கராஜ்காரர் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவார். ஆகவே காரைப் பார்க்கும்போது முன் இருக்கைகளின் கால்விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை விரலால் அமுக்கிப் பாருங்கள். ஈரம் ஒட்டினாலோ பூஞ்சண வாடை வந்தாலோ, மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். வாங்கினால் மாதம் ஒருமுறை பொனற்றைத் திறந்து அந்த வடிகால்களைக் கையால் சுத்தம் செய்யுங்கள். செலவே இல்லாத இந்தப் பராமரிப்பு பல இலட்சத்தைக் காக்கும்.

மீட்டர் விடயம். 20 ஆண்டில் 1,18,000 என்றால் ஆண்டுக்கு 6,000 கிலோமீற்றருக்கும் குறைவு. நடக்க முடியாததல்ல, ஆனால் மீட்டரைக் குறைப்பது எங்கும் நடக்கிறது என்பதால், பற்றுச்சீட்டுகளால் நிரூபிக்கப்படாத வரை அந்த எண்ணை நான் கணக்கிலெடுப்பதில்லை. குறைவாக ஓடியது என்பதே ஒரு சிறப்பும் அல்ல. ரப்பர் புஷ்களும் குழாய்களும் டயர்களும் ஓடாமல் நின்றாலும் முதுமையடைகின்றன. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று பழைய டயரோடு மழைக்கால வளைவுகளில் இறங்காதீர்கள்.

திறப்பைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டாஷ்போர்டைப் பாருங்கள். எஞ்சின், ஏபிஎஸ், எயார்பேக் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கக்கூடும். ஸ்கேன் செய்யும்போதும், பதிவான கோளாறுகளை முன்னிரவில் அழித்துவிட்டுக் காட்டுபவர்கள் உண்டு என்பதால், முதலில் ஸ்கேன் செய்து, இருபது முப்பது கிலோமீற்றர் ஓட்டிவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்வதே சரி. பென்ஸுக்கான முழுமையான ஸ்கேனர் உள்ள இடத்தில் செய்ய வேண்டும். எல்லாக் காருக்கும் பொதுவான சிறு கருவி எஞ்சினை மட்டும் படிக்கும்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கைமாறி வந்த காரை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள். சான்றிதழில் முழு உரிமையாளராக லீசிங் நிறுவனம் ஏதும் பதிவாகியிருந்தால், அது நீக்கப்பட்டதற்கான கடிதம் கைக்கு வரும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம். செசி இலக்கத்தை உடலில் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் நிலுவையில்லாமல் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். காப்புறுதி எடுக்கும்போது, விபத்தில் புதிய பாகம் போட நேர்ந்தால் வாகனத்தின் வயதுக்கேற்ப எவ்வளவு தேய்மானம் கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பென்ஸில் முன்விளக்கு ஒன்று உடைந்தாலே அந்தக் கழிவு உங்களை வருத்தும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்க விரும்பும் கேள்வி, இந்தக் காரை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பது. பென்ஸ் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் காருக்கு முன்பே தேடிக்கொள்ளுங்கள். கண்டியில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவின் கிளினிக் நாளில் காரையும் அங்கே விட்டுவிட்டு மாலையில் எடுத்து வரலாம் என்பதால் உங்களுக்கு அது வசதியும்கூட. அவர் முகவர் நிறுவனத்தின் பழைய ஊழியராக இருக்க வேண்டும் என்பதில்லை. புதிய பாகம், பெயர்பெற்ற வெளித்தயாரிப்பு, பாவித்த பாகம் என்ற மூன்றில் எதை எங்கே போடலாம் என்று தெரிந்தவராகவும், கழற்றிய பாகத்தைப் பையில் போட்டு உங்கள் கையில் தருபவராகவும் இருந்தால் போதும். கதவுக் கைப்பிடியோ கண்ணாடி மோட்டரோ பஞ்சிகாவத்தையில் பாவித்ததாக வாங்குவது புத்திசாலித்தனம். பிரேக், ஸ்டியரிங், போல் ஜொயின்ற் ஆகியவற்றைப் பாவித்ததாக வாங்குவதை மலைவீதியில் ஓடும் யாருக்கும் நான் அனுமதிக்க மாட்டேன். லெம்ஃபோடர், சக்ஸ், பொஷ் போன்ற பெயர்களில், கார் நிறுவனத்தின் பெட்டியில் வராமலே தரமான பாகங்கள் கிடைக்கின்றன. அவற்றில் போலிகளும் உலவுவதால் அறிந்த கடையில் பற்றுச்சீட்டோடு வாங்க வேண்டும்.

அப்படியானால் என்ன வாங்குவது? அம்மாவின் வைத்தியசாலைப் பயணத்தை மட்டும் கருத்தில் கொண்டால் உங்கள் நண்பர்கள் சொல்லும் 121 கொரோலாதான் என் விடை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எந்தக் கராஜிலும் அதைத் திருத்துவார்கள், பாகமும் அன்றே கிடைக்கும். அதிலும் கடன் வாங்காமல் கைக்காசுக்குள் நில்லுங்கள். வெகன் ஆர் எரிபொருளை மிச்சம் பிடிக்கும். நான்கு பேரோடும் பையோடும் நீண்ட ஏற்றத்தில் அது சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பென்ஸே வேண்டும் என்பது உங்கள் மனதில் உறுதியாக இருக்குமானால், ஒரு தலைமுறை பின்னால் போய்ப் பாருங்கள். 1993 முதல் 2000 வரை வந்த டபிள்யூ 202 சி கிளாஸில் இருக்கும் எம் 111 எஞ்சினின் டைமிங் செயின் இரட்டை வரிசை. நீண்ட காலம் நிற்கும். கணினிகள் குறைவு, எங்கள் பாஸ்மாருக்குக் கைவந்த வேலை. 1990களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில் எஞ்சின் வயர்களின் உறை உதிர்ந்துபோகும் குறை உண்டு என்பதால், 1997க்குப் பிந்தியதைத் தேடுங்கள். அல்லது வயர் தொகுதி மாற்றப்பட்டதற்குச் சான்று கேளுங்கள். பிந்தியவற்றில் துரு ஒரு பிரச்சினை. முன் சக்கரத்துக்கு உள்ளே ஸ்பிரிங் அமரும் இருப்பிடத்தை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே துரு தின்றிருந்தால் வெளியே டின்கரிங் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் பயனில்லை. நல்ல நிலையில் ஒன்று 35 இலட்சத்துக்குள் அமைந்தால் உங்கள் 45இல் 10 இலட்சம் பராமரிப்புக்கென்று தனியாக நிற்கும். நகையும் பெட்டியில் இருக்கும். அந்த விலைக்கு அமையவில்லையென்றால் காத்திருங்கள். இறக்குமதி திறந்திருப்பதால் பழைய கார்களின் விலைக்கு முன்பிருந்த உந்துதல் இல்லை. காத்திருப்பதால் நீங்கள் இழப்பது அதிகமில்லை.

எந்த பென்ஸை வாங்கினாலும், 9 கிலோமீற்றர் குளிர்காலைப் பயணத்தில் எஞ்சின் ஒயில் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. அதில் ஈரம் தங்கிச் சேறாகும். ஆகவே கிலோமீற்றரைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுங்கள். எம் 271 எஞ்சினுக்கு 229.3 அல்லது 229.5 என்ற மெர்சிடிஸ் தர எண் டப்பாவில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

கொழும்பிலுள்ள விற்பனையாளரிடம் இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். சேர்விஸ் புத்தகத்தின் பக்கங்களையும் கடந்த ஐந்து ஆண்டுப் பற்றுச்சீட்டுகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் அவற்றை எனக்கும் அனுப்பி வையுங்கள். டைமிங் செயினும் கியர் ஒயிலும் மாற்றப்பட்டதற்கான சான்று அவற்றில் இருந்தால், விலையை எவ்வளவு குறைத்துக் கேட்கலாம், அப்போது உங்கள் கைப்பணத்துக்கு அது எட்டுமா என்பதை மீண்டும் கணக்குப் பார்த்து எழுதுகிறேன். அனுப்பத் தயங்கினால், முற்பணம் ஏதும் கொடுக்காமல் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.